மரத்தூள் தெரு

எங்கள் தெருவில் மனிதர்களுக்கு ஒழுக ஆரம்பிப்பதற்கு முன்னால் லாரிக்குத்தான் ஒழுகியது, அதனால் லாரியிலிருந்தே சொல்கிறேன், நடுவில் யாரும் குறுக்கே பேச வேண்டாம்.

லாரி ஓனர் முத்துக்குமரேசனுடையது, ஓட்டினவர் எங்கப்பா அர்த்தநாரி. கல்லாங்காட்டுப் புதூரில் எங்கள் பைபாஸ் தெருவுக்கே ஓனரின் லாரிகளால்தான் சோறு. ஒருத்தர் ஓட்டுவார், ஒருத்தர் பாடி கட்டுவார், ஒருத்தர் பஞ்சர் ஒட்டுவார், இவர்கள் எல்லாருக்கும் ஒருத்தர் டீ ஆற்றுவார், அந்த டீக்குப் பால் ஊற்றுகிறவரின் மாட்டுக்குக்கூட ஓனர் வீட்டுப் புண்ணாக்குத்தான். ஒருநாள் பொழுது சாய்கிற நேரத்தில் ஓனர் மகன் தீபன், லைசென்ஸ் இல்லாதவன், ஃபோனில் தன்னையே படம் பிடித்துக்கொண்டு லாரியை ஓட்டி வந்து, பைபாஸ் முக்கில் வேகவைத்த நிலக்கடலை விற்கிற பொங்கியம்மாள் மேல் ஏற்றிவிட்டான். முன்சக்கரம் தள்ளியது, பின்சக்கரம் ஏறியது, அவன் நிறுத்தாமல் போய்விட்டான். தெருவே பார்த்தது. தெருவே பார்த்ததால்தான் ஒருத்தரும் பார்க்கவில்லை. பொங்கியம்மாளுக்குப் பிள்ளை குட்டி கிடையாது, கேட்க ஆள் கிடையாது, சிந்தின கடலையைக் கோழிகள் தின்றன.

அந்த நேரத்தில் அப்பா எங்கள் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். மறுநாள் சொந்தக்காரர் ஒறம்பரை வீட்டில் காதுகுத்து, அதற்காக அம்மா அவர் தலைக்கு டை அடித்துக்கொண்டிருந்தாள். அம்மா பேர் வசந்தாமணி. அவளுடைய வலதுகை ஆள்காட்டி விரல் எப்போதோ அரிவாள்மனையில் வெட்டுப்பட்டு, நுனி இரண்டாகப் பிளந்து கோணலாகக் கூடின விரல், அந்த விரலால் எதைத் தொட்டாலும் நடுவில் ஒரு கோடு விழும். அப்பாவின் காதோரத்தில் அந்தக் கோடு விழுந்துகொண்டிருந்தபோது ஓனர் வந்தார்.

"அர்த்தநாரி, பையன் படிப்புக் கெட்டுப்போயிரும்டா. நீதான் ஓட்டுனன்னு சொல்லிப்போடு. கொஞ்ச நாளு. மீதிய நாம் பாத்துக்கறேன்."

அப்பா யோசித்திருப்பார் என்று நினைத்தால் நீங்கள் அப்பாவைப் பார்த்ததில்லை என்று அர்த்தம். "சரீங்" என்றார், துண்டை எடுத்துத் தோளில் போட்டார், கிளம்பினார். டை காயவில்லை. கழுத்தில் கறுப்பு வழிய வழிய ஸ்டேஷனுக்குப் போய் நான்தான் ஓட்டினேன் என்றார், தலையில் டை அடித்துக்கொண்டா லாரி ஓட்டினாய் என்று அங்கே ஒரு போலீஸ்காரருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

பள்ளிக்கூடத்தில் என்னைக் கொலைகாரன் மகள் என்றார்கள். சொன்ன ஒவ்வொருத்தியின் அப்பனுக்கும் உண்மை தெரியும். பிளஸ் ஒன்னோடு பையைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டு, செங்கோடன் மாமாவின் லாரிப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தேன். இரும்பு பரவாயில்லை, உடைந்தால் உடைந்தேன் என்கிறது.

கோர்ட்டிலிருந்து லாரி திரும்பி வந்தது. அன்றைக்கு ஓனர் லாரிக்குப் பூசை போட்டார். ஆயுத பூசைக்குப் போடுகிற மாதிரியே, பூசணிக்காய், எலுமிச்சை, குங்குமம், ஒரு அண்டா நிறையக் கரைத்த சந்தனம். ஆனால் இந்தத் தடவை பூசாரி மட்டும் பொட்டு வைத்தால் போதாது, தெருவில் இருக்கிற பெரியவர்கள் ஆளுக்கொரு பொட்டு வைக்க வேண்டும், அப்போதுதான் தோசம் கழியும் என்று சொல்லிவிட்டார்கள். எல்லாரும் வரிசையில் நின்று வைத்தார்கள். கண்ணாடியில், பம்பரில், லைட்டில், டயரில், வைக்க இடமில்லாமல் நம்பர் பிளேட்டில். நான் வைக்க மாட்டேன் என்றேன். "இது ஒரு ரெண்டுங்கெட்டான், உட்டுத் தள்ளுங்க" என்றார் டீக்கடை ராசுக்குட்டி. அம்மா சந்தனக் கையோடு லாரியை ஒரு சுற்றுச் சுற்றினாள், பின்பக்கம் குனிந்தாள், கொஞ்ச நேரம் ஆளைக் காணோம், திரும்பி வந்தபோது விரல் காலியாக இருந்தது. தீபனை மட்டும் அன்றைக்குப் பெருந்துறையில் அத்தை வீட்டில் வைத்திருந்தார்கள். குழந்தைப் பையன் பயந்துகொள்வானாம்.

அதற்கப்புறம் ஓடின முதல் லோடிலேயே லாரியின் பின் ஹவுசிங் ஒழுகியது.

ஹவுசிங் என்றால், லாரிக்குப் பின்னால் குனிந்து பாருங்கள், இரண்டு பின்சக்கரத்துக்கும் நடுவில் பானை வயிறு மாதிரி ஒரு இரும்புக் கூடு தொங்கும், அதற்குள்ளேதான் சக்கரத்தைச் சுற்றுகிற பல்சக்கரங்கள் கியர் ஆயிலில் ஊறிக்கொண்டு கிடக்கும். அந்த ஆயிலின் நாற்றம் அழுகின முட்டையை இரும்புச் சட்டியில் போட்டுத் தீய்த்த மாதிரி இருக்கும், மூன்று சோப்புப் போட்டாலும் போகாது, சோற்றில் வரும், தூக்கத்தில் வரும். நான் மல்லாந்து படுத்து ஆக்ஸிலை உருவினேன், ஆயில் வெளியே வராமல் தடுக்கிற ரப்பர் வளையத்தைச் சீல் என்போம், பழைய சீலைப் பிடுங்கிப் புதுச் சீல் அடித்தேன், ஒழுகியது. மறுபக்கமும் மாற்றினேன், ஒழுகியது. பேக்கிங் வெட்டிப் போட்டு, பசை தடவி, போல்ட்டை இறுக்கினோம், பசையைத் தள்ளிக்கொண்டு ஒழுகியது. கீறல் விட்டிருக்கும் என்று மாமா வெல்டு வைத்தார், வெல்டு ஓரமாக ஒழுகியது.

"ஊத்துனது அஞ்சாறு லிட்டரு, ஒழுகுனது ரெண்டு பேரலு. என்ன மாமா கணக்கு இது?" என்றேன்.

"ஆத்தா, கணக்குப் பாத்தா பட்டறை நடத்த முடியுமா? சட்டியத் தூக்கி வை" என்றார் மாமா. சட்டியை வாங்கின அவருடைய முழங்கையிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. கை துடைத்தார். மறுபடி விழுந்தது. அது சட்டி ஆயில் இல்லை. அவருடைய முழங்கை மடிப்பிலிருந்து, வேர்வை வருகிற மாதிரி, கறுப்பாக, கெட்டியாக, அதே நாற்றத்தோடு வந்துகொண்டிருந்தது. மாமா அதை விரலில் தொட்டு மோந்து பார்த்தார், தேய்த்துப் பார்த்தார். "நல்ல கெட்டி" என்றார். ஒரு வேஸ்ட் துணியைக் கட்டிக்கொண்டு வேலையைப் பார்த்தார்.

அந்த வாரத்திலேயே எல்லாருக்கும் வந்துவிட்டது. ராசுக்குட்டிக்குக் காது மடலில், பாடி கட்டுகிறவருக்கு முழங்காலில், பஞ்சர்க்கடைக்காரருக்குக் கழுத்து மடிப்பில், அவர் மனைவிக்கு அக்குளில். பொட்டு வைத்த அத்தனை பேருக்கும் ஏதாவது ஒரு மூட்டில், ஏதாவது ஒரு மடிப்பில் கியர் ஆயில் ஒழுகியது. குழந்தைகளுக்கு இல்லை. எனக்கும் இல்லை.

ஒருத்தராவது அலறுவார்கள் என்று காத்திருந்தேன். அலறவில்லை. ஆஸ்பத்திரியில் போய்க் காட்டினார்கள், டாக்டரம்மா எட்ட நின்று பார்த்து, எண்ணெய்ப் பலகாரத்தைக் குறையுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார், அதோடு அது வியாதி இல்லை என்று தெருவுக்கு நிம்மதியாகிவிட்டது. அதற்கப்புறம் அவரவர் சௌகரியத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள். மரக்கடையிலிருந்து மரத்தூள் மூட்டை மூட்டையாக வந்தது, வீட்டு வாசலில் கோலம் போடுகிற இடத்தில் மரத்தூள் பரப்பினார்கள், டீக்கடை பெஞ்சுக்குக் கீழே மரத்தூள், கோயில் நடையில் செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு கூடை மரத்தூள், கல்யாணப் பந்தியில் இலைக்கு ஒரு கை மரத்தூள். டெய்லர் ரவிக்கைக்கு உள்ளே தேங்காய் நார் வைத்துத் தைக்கப் பழகினார். ஜவுளிக்கடையில் கறுப்பும் காப்பிப்பொடிக் கலரும் மட்டுமே விற்றது. ராசுக்குட்டியின் காதிலிருந்து ஒரு சொட்டு பாலில் விழுந்ததைக் கண்ணால் பார்த்தேன், ஒருத்தர் அதைப் பாலாடை என்று நினைத்து ஊதிவிட்டுக் குடித்தார். பெண் பார்க்க வந்த இடத்தில் "பொண்ணுக்கு எங்கீங்க?" என்று கேட்டார்கள், "முட்டில மட்டுந்தானுங்க, பொடவைல மறைஞ்சிரும்" என்றார்கள், சம்மதம் என்று கைநனைத்துவிட்டுப் போனார்கள். சாயங்காலத்தில் ஆண்கள் உட்கார்ந்து யாருடைய ஆயில் கெட்டி, யாருடையது தண்ணி என்று விரலில் நூல் இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதில் ஜெயித்தவர் அன்றைக்கு மீசையை முறுக்கிக்கொண்டு போனார், மீசையிலும் ஆயில். யாரோ அதை விளக்குக்கு ஊற்றிப் பார்த்து, மாரியம்மன் முகம் கரியாகி, அபிஷேகம் பண்ணிக் கழுவவேண்டியதாகிவிட்டது. தூ!

ஓனர் மாசாமாசம் எல்லா வீட்டுக்கும் ஒரு மூட்டை மரத்தூள் இனாமாகக் கொடுத்தார். அவருக்கு அடிவயிற்றில் ஒழுகியது, வேட்டிக்கு மேல் ரெக்சின் கட்டியிருந்தார். "தாராள மனசு" என்றார்கள். மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு போகிறவர்களின் முதுகில் கறுப்புக் கோடு இறங்கும். அதற்கும் கும்பிடு வேறு.

தீபன் பெருந்துறையிலிருந்து வந்தான். அவனுக்கு ஒழுகவில்லை. ஏன் ஒழுகும், அவன்தான் பொட்டே வைக்கவில்லையே. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தெருவில் நடந்தான், தெருவில் வேறு யாராலும் வெள்ளை போட முடியாது, அதனால் எல்லாரும் எழுந்து நின்று பார்த்தார்கள். "எப்படிச் சுத்தமா இருக்குது பாரு புள்ள" என்று பஞ்சர்க்கடைக்கார அக்கா நெட்டி முறித்தாள். முறிக்கக் கையைத் தூக்கியபோது அக்குளிலிருந்து சொட்டியது. நான் சாக்கடையில் போய் வாந்தியெடுத்தேன். "புள்ளைக்கு என்ன, மாசமா இருக்குதா?" என்றார் ராசுக்குட்டி. உன் காதைப் பிடுங்கிச் சட்டியில் வை என்று சொன்னேன். மாமா வந்து என்னை இழுத்துக்கொண்டு போனார்.

வீட்டில் அதைவிட மோசம். அம்மாவுக்கு அந்தப் பிளந்த விரல் நுனியில் ஒழுகியது. வலதுகையால் ஆக்க முடியாது, பிசைய முடியாது, எனக்குத் தலை வாரிவிட்டால் வகிடு நெடுகக் கறுப்பாகிவிடும். சைக்கிள் ட்யூபை வெட்டி விரலுக்கு உறை போட்டாள், அது பலூன் மாதிரி ஊதிக்கொண்டு நின்றது. கடைசியில் இடது கையால் சோறு போட ஆரம்பித்தாள். இடது கையால் போடுகிற சோற்றைத் தலையைக் குனிந்துகொண்டு தின்றேன். அதிலும் நாறியது. அம்மா நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருப்பாள், "உப்பு போதுமா ரோசினி?" என்பாள். உப்பாம்.

அப்பாவைப் பார்க்க ஜெயிலுக்குப் போனோம். வலைக் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றார். டை பாதி வெளுத்து, தலை செம்பட்டையும் நரையுமாக இருந்தது. தெருவில் நடக்கிறதெல்லாம் சொன்னோம், அவர் ஆச்சரியப்படவில்லை, இரண்டு உள்ளங்கையையும் வலையில் வைத்துக் காட்டினார். எடுத்தபோது கம்பிச் சதுரங்கள் ஒவ்வொன்றிலும் கறுப்பாகப் படலம் நின்றது, ஸ்டியரிங் பிடிக்கிற கை முழுக்க ஒழுகியது. பொட்டு வைத்ததில் சேர்த்தி இல்லாமல், தானாகவே.

"உள்ளார கதவுக் கீலுக்கெல்லாம் என்னத்தான் தொடச் சொல்றாங்க" என்று சிரித்தார். "வர்ற வாய்தாவுல ஒத்துக்கிட்டா முடிஞ்சுதுன்னு ஓனர் சொன்னாரு. ஒத்துக்கறேன்."

"ஒத்துக்கிட்டா முடியாதுப்பா. ஆரம்பிக்கும். லைசென்ஸ் போயிரும், நீ செத்தாலும் கொலகாரன்னுதான் பேரு. ஜாமீன் எடுக்கறேன் எடுக்கறேன்னு சொன்னவரு எங்க எடுத்தாரு?"

"உனக்கு ஒண்ணுந் தெரியாது, சும்மா இரு சாமி. வசந்தா, வெளிய சொல்ல மாட்டேன்னு நீ சத்தியம் பண்ணியிருக்கற, ஞாபகம் இருக்குதல்ல?"

அம்மா ட்யூப் உறையை அமுக்கிப் பிடித்துக்கொண்டு தலையாட்டினாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எழுந்து போய் நின்றுகொண்டார்கள்.

வாய்தாவுக்கு முந்தின நாள் ஓனர் பட்டறைக்கு வந்து சத்தம் போட்டார். லாரி லோடு எடுக்க வேண்டும், ஒழுகுகிற வண்டியை ஒருத்தனும் கூப்பிட மாட்டேன் என்கிறான், ஹவுசிங்கைச் சுத்திச் சுத்தி வெல்டு வைத்து ஒரேயடியாக மூடித் தொலை என்றார். மாமா தலையாட்டினார், முழங்கைத் துணியைப் பிழிந்துவிட்டு வெல்டிங் கம்பியை எடுத்தார்.

"இருங்க மாமா, ஆயில வடிச்சுக்கறேன்" என்று நான் கீழே போனேன். ஆயில் ஊற்றுகிற மூடியை ஸ்பேனர் போட்டுத் திருகினேன். முழுசாகக் கழற்றவில்லை, அதற்குள் உஸ்ஸென்று ஒரு சத்தம், சூடான காற்று என் முகத்தில் அறைந்தது, மூடி கையைத் தட்டிவிட்டுப் பறந்தது. உள்ளே அவ்வளவு அழுத்தம் இருந்திருக்கிறது. அப்போதுதான் எனக்கு மண்டையில் ஏறியது. ஓடினால் உள்ளே சூடாகும், சூடானால் காற்று உப்பும், அந்தக் காற்று வெளியே போக ஹவுசிங் மேலேயே சுண்டுவிரல் அளவுக்கு ஒரு குமிழ் உண்டு, பட்டறையில் பிரீதர் என்போம். அந்த ஓட்டை அடைந்தால் காற்று என்ன செய்யும், கிடைத்த இடுக்கிலெல்லாம் ஆயிலைத் தள்ளும். மாற்றவே வேண்டியிருக்காத சீல்களையெல்லாம் மாற்றிக்கொண்டு, எத்தனை நாளாக அந்த நாற்றத்தில் படுத்துக் கிடந்திருக்கிறோம்!

மேலே கண் போகாது. கையை மட்டும் விட்டுத் தடவினேன். குமிழ் இருந்த இடத்தில் ஒரு கட்டி தட்டுப்பட்டது, கல் மாதிரி. நகத்தால் பெயர்த்து எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். காய்ந்த சந்தனம். நடுவில் குங்குமம். குங்குமத்துக்குக் குறுக்கே, விரல் பதிந்த இடத்தில், ஒரு கோணல் கோடு.

மீதியைக் கம்பியால் குத்தி எடுத்தேன். குமிழ் திறந்தது.

முதலில் ஒரு பெருமூச்சு மாதிரி வந்தது, அப்புறம் நிற்கவே இல்லை, மெதுவாக, சூடாக, வந்துகொண்டே இருந்தது. கியர் ஆயில் நாறவில்லை. வேகவைத்த நிலக்கடலை வாசம். உப்புப் போட்டு, ஓட்டோடு வேகவைத்து, பித்தளைக் குண்டாவிலிருந்து அப்போதுதான் ஈரத் துணியை விலக்கின மாதிரி, ஆவி பறக்கிற கடலை வாசம். பட்டறையை நிறைத்து, தெருவில் இறங்கி, டீக்கடைக்குள் போய், மாடிகளுக்கு ஏறி, கோயிலுக்குள் நுழைந்து, ஓனர் வீட்டுக் கதவிடுக்கு வழியாகவும் போனது.

மாமா வெல்டிங் கம்பியைக் கீழே வைத்தார். தெரு முழுக்க யாரும் அசையவில்லை. இப்போதாவது ஒருத்தர் வாயைத் திறப்பார் என்று நான் லாரிக்கு அடியில் படுத்துக்கொண்டே காத்திருந்தேன்.

ராசுக்குட்டிதான் திறந்தார். "பக்கத்தூர்ல கடலை வேவிக்கறாங்க போலிருக்குது."

"ஆமாங், காத்து அந்தப் பக்கமா அடிக்குது" என்றார் ஓனர். அவர் வேட்டி நனைந்து மண்ணில் வட்டமாகச் சொட்டியது. "வண்டி ஒழுகறது நின்னுருச்சா?"

"வண்டி நின்னுருச்சுங்" என்றேன். லாரியில் ஒரு சொட்டு இல்லை. ஆட்களுக்குத்தான் நிற்கவில்லை. ஒவ்வொரு வீடாக ஜன்னல் சாத்துகிற சத்தம் கேட்டது, அப்புறம் மரத்தூளைப் பரப்புகிற சத்தம்.

சந்தனக் கட்டியை எடுத்துக்கொண்டு போய் அம்மா முன்னால் வைத்தேன்.

"இது யார்துன்னு தெரியுதா?"

அம்மா அதைப் பார்த்தாள், தன் விரலைப் பார்த்தாள். வீட்டுக்குள்ளும் கடலை வாசம் வந்துவிட்டிருந்தது. எங்கள் வீட்டு ஜன்னலை யாரும் சாத்தவில்லை.

"முன்னாடி கண்ணாடில வெக்கச் சொன்னாங்க ரோசினி. கண்ணாடியப் பாத்தா அதுக்குப் பின்னாடி உங்கப்பா ஒக்காந்திருக்கறாப்பலயே இருந்துச்சு. அவரு மொகத்துல வெக்கற மாதிரி. அதான் ஒருத்தர் கண்ணும் படாத எடமாப் பாத்து..."

"அங்கதான் காத்து போற ஓட்டை."

"எனக்கெப்படித் தெரியும்?"

"நாளைக்கு அப்பா நான்தான்னு சொல்லப் போறாரு. நீ பின்னாடி பெஞ்சுல ஒக்காந்து கேட்டுட்டு வருவியா?"

"சத்தியம் வாங்கியிருக்கறாரு கண்ணு."

"அவருக்கு உள்ள கை ஒழுகுது. உனக்கு இங்க விரல் ஒழுகுது. இது குடும்பமா, ஹவுசிங்கா? எனக்கு உன்ற கையில சோறு திங்க முடியல, அது உனக்குத் தெரியுதா? நாறுது. நீ நாறற."

அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்பார்கள். சொன்னேன். அம்மா அழவில்லை. இடது கையால் தட்டை எடுத்துக் கழுவி வைத்துவிட்டு, ஜன்னலோரமாகப் போய் நின்றுகொண்டாள். "பொங்கியக்கா எப்பவுமே ரெண்டு கடலை சேத்துத்தான் போடுவா" என்றாள், யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை.

கோர்ட்டில் ஓனர் முன் பெஞ்சில் இருந்தார், பக்கத்தில் வெள்ளைச் சட்டையில் தீபன். எங்கள் தெருவும் வந்திருந்தது, பெஞ்சுக்கடியில் மரத்தூள் தூவச் சொல்லியிருந்தார்கள். ஜட்ஜ் அப்பாவைப் பார்த்துக் குற்றத்தை ஒத்துக்கொள்கிறாயா என்று கேட்டார். அப்பா வாயைத் திறந்தார்.

"அவரு ஓட்டலீங்கய்யா" என்றாள் அம்மா.

எழுந்து நின்றிருந்தாள். ஒரு பணியாளர் உட்காரும்மா என்று அதட்டினார். அவள் உட்காரவில்லை. "அவரு எங்கூட்டு வாசல்ல ஸ்டூல்ல ஒக்காந்திருந்தாருங்கய்யா. நாந்தான் தலைக்கு டை அடிச்சுட்டிருந்தேன். பாதித் தலதான் ஆச்சு. மீதிப் பாதி அடிக்கறதுக்குள்ள வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்க. இப்பவும் பாருங்கய்யா, பின்னாடிப் பாதி நரையாத்தான் இருக்கும். அந்தப் பையன்தான் ஓட்டுனான். இவங்க எல்லாருந்தான் பாத்தாங்க."

ஜட்ஜ் அப்பாவைத் திரும்பச் சொன்னார். அப்பா திரும்பினார். யாரோ சிரித்தார்கள். தீபன் தன் ஃபோனைப் பார்த்தான். எங்கள் தெரு பெஞ்சில் ஒருத்தரும் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, தலையைக் குனிந்து காலால் மரத்தூளைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஜட்ஜ் அம்மா சொன்னதை எழுதிக்கொள்ளச் சொன்னார், அப்பாவுக்கு வேறு வக்கீல் வைக்கச் சொன்னார், மறுபடி விசாரிக்கச் சொன்னார், வாய்தா தள்ளிப்போனது. அவ்வளவுதான். அப்பாவை மறுபடி ஜெயிலுக்கே கூட்டிக்கொண்டு போனார்கள்.

இப்போது தெருவில் யாரும் எங்களோடு பேசுவதில்லை. செங்கோடன் மாமா மட்டும் பட்டறைக்கு வராதே என்று சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை, நான் போகிறேன். ஒழுகாத எங்கள் வீட்டைக் காஞ்ச ஊடு என்கிறார்கள். காஞ்ச ஊட்டுல தண்ணி வாங்கிக் குடிக்காதே என்று பிள்ளைகளிடம் சொல்கிறார்கள், சொல்லும்போதே தாடையில் வழிகிறது, புறங்கையால் வழித்து மரத்தூளில் உதறிக்கொள்கிறார்கள். அம்மா விரல் சுத்தமாக இருக்கிறது. வலது கையால் சோறு போடுகிறாள். உப்பைத்தான் இன்னும் அதிகமாகப் போடுகிறாள், அதையும் சொல்லிவிட்டேன்.

போன தடவை பார்க்கப் போனபோது அப்பா அம்மாவைத் திட்டிக்கொண்டே இருந்தார். உன்ன யாரு பேசச் சொன்னா, மானம் போச்சு, கோர்ட்டே என்ற பொடனியப் பாத்துச் சிரிக்குது என்று கத்தினார். கத்துகிற வேகத்தில் வலைக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினார். எடுத்தார். கம்பிச் சதுரங்களில் ஒன்றுமே இல்லை. அந்தப் பக்கம் இருந்த சுவர் தெரிந்தது.

அப்பா தன் உள்ளங்கையைப் பார்த்தார். மூக்கருகில் கொண்டுபோய் மோந்தார். அப்புறம், ஒரு டிரைவர் வேறென்ன கேட்பார், அதைத்தான் கேட்டார்.

"வண்டி ஒழுகறது நின்னுருச்சா சாமி? சீல்தானே போயிருந்துது?"

"சீல்ல ஒண்ணுமில்லப்பா" என்றேன். "சீல் ஆரம்பத்துலேருந்தே நல்லாத்தான் இருந்துச்சு."